ஏழாம் வகுப்பிலேயே எடுக்க வேண்டிய முடிவு
எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளும் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளியும்

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகுதான் "அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" என்ற பேச்சு எழுகிறது. கேரளத்தைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு மூன்று வருடம் தாமதம். இங்கே ஏழாம் வகுப்பு முடிந்ததுமே ஒரு வழி தனியாகப் பிரிகிறது. அரசு டெக்னிக்கல் ஹைஸ்கூலுக்குப் போகும் வழி அது. எட்டாம் வகுப்பில்தான் அங்கே சேர முடியும். ஒன்பதிலோ பத்திலோ நடுவில் நுழைவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்காகவே இந்த அத்தியாயம்.

மாநிலம் முழுவதும் இந்தப் பள்ளிகள் சுமார் நாற்பது இருக்கின்றன. இவற்றை நடத்துவது பொதுக்கல்வித் துறை அல்ல, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். பாலிடெக்னிக்குகளை நடத்தும் அதே துறைதான். ஊர்ப் பெரியவர்கள் இன்னும் 'ஜே.டி.எஸ்.' என்று சொல்வதைக் கேட்கலாம். ஜூனியர் டெக்னிக்கல் ஸ்கூல் என்ற பழைய பெயரின் மிச்சம் அது. எட்டு, ஒன்பது, பத்து என மூன்று வகுப்புகள். முடிவில் எழுதுவது எஸ்.எஸ்.எல்.சி. அல்ல, அதற்குச் சமமான டி.எச்.எஸ்.எல்.சி. கணிதம், இயற்பியல், வேதியியல், சமூக அறிவியல், ஆங்கிலம் எல்லாம் உண்டு. அவற்றோடு எஞ்சினியரிங் டிராயிங்கும் ஒர்க்‌ஷாப்பும் சேர்கின்றன. நம் பக்கத்தில் சித்தூர், பாலக்காடு, ஷொரணூர் ஆகிய இடங்களிலும், இடுக்கியில் அடிமாலி, புறப்புழா, வண்ணப்புரம் ஆகிய இடங்களிலும் இந்தப் பள்ளிகள் உள்ளன. இவை தவிர, ஐ.எச்.ஆர்.டி. என்ற அரசு நிறுவனம் நடத்தும் டெக்னிக்கல் ஹயர் செகண்டரி பள்ளிகள் பீர்மேட்டிலும் முட்டத்திலும் இருக்கின்றன. அங்கே எலக்ட்ரானிக்ஸும் கம்ப்யூட்டரும் முதன்மை. பிளஸ் டூ வரை ஒரே வளாகத்தில் படிக்கலாம்.

சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் முன் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். "படிப்பு ஏறாத பையன்தான் வெல்டிங் கத்துக்கப் போவான்" என்ற பேச்சு தோட்டத்திலும் உண்டு, தோப்பிலும் உண்டு. அதை நம்பிக் கெட்டிக்காரப் பிள்ளையைத் தடுத்தவர்கள் பலர். நியூயார்க்கில் 1922இல் தொடங்கிய புரூக்ளின் டெக்னிக்கல் ஹைஸ்கூலில் பல பத்தாண்டுகள் டிராயிங்கும் பட்டறையும் கட்டாயப் பாடங்களாக இருந்தன. நுழைவுத்தேர்வு எழுதித்தான் அங்கே சேர வேண்டும். அங்கே படித்த ஜார்ஜ் வால்டு 1967இல் மருத்துவத்துக்கும், ஆர்னோ பென்சியாஸ் 1978இல் இயற்பியலுக்கும் நோபல் பரிசு பெற்றார்கள். பிரபஞ்சம் முழுதும் பரவியிருக்கும் பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்த இருவரில் ஒருவர் பென்சியாஸ். அரம் பிடித்த கை ஆராய்ச்சிக்கு உதவாது என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

யாருக்குப் பொருந்தும்

பழைய டார்ச் லைட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டும் பிள்ளை, மிக்ஸி ஏன் நின்றது என்று கேட்கும் பிள்ளை, கணக்கில் ஓரளவு பிடிப்புள்ள பிள்ளை. இவர்களுக்கு இந்தப் பள்ளி பொருந்தும். பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. டிராயிங்கில் அவர்களுடைய பொறுமை நல்ல பலன் தருவதைப் பார்க்கிறோம். "பொம்பளப் புள்ளைக்கு லேத் எதுக்கு?" என்ற கேள்விக்காக நின்றுவிடாதீர்கள்.

நர்ஸிங், டாக்டர், ஃபார்மஸி என்று ஆசைப்படும் பிள்ளையை இங்கே சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாடத்திட்டத்தின் கனமெல்லாம் கணிதம், இயற்பியல், வரைபடம் பக்கம்தான். உயிரியலை ஆழ்ந்து படிக்க வேண்டிய பிள்ளைக்குப் பொதுப்பள்ளியே நல்லது.

ஐந்தாம் வகுப்பில் தம்பியோ தங்கையோ இருந்தால் நவோதயா வித்யாலயாவையும் நினைவில் வையுங்கள். ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு 80 கேள்விகள், 100 மதிப்பெண், இரண்டு மணி நேரத் தேர்வு. விடுதியோடு இலவசப் படிப்பு. இடங்களில் குறைந்தது 75 சதவீதம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. பாலக்காட்டின் பள்ளி மலம்புழாவிலும் இடுக்கியின் பள்ளி குளமாவிலும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நவோதயா பள்ளியே இல்லை என்பதால் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் யாரும் இதைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாவட்டம் மாறி எழுத முடியாது. வசிக்கும் மாவட்டத்தின் பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சேர்க்கைக்கு முன்

விண்ணப்பங்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில் வரும். இருக்கும் இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் நுழைவுத்தேர்வு வைப்பார்கள். ஏழாம் வகுப்புத் தரத்தில் கணிதம், அறிவியல், ஆங்கிலம், பொது அறிவு ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். தமிழ்வழிப் பிள்ளை தடுமாறுவது கணக்கில் அல்ல, கேள்வியின் ஆங்கிலத்தில். எனவே ஜனவரி முதல் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலவழி ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் பயிற்சிக் கேள்விகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கணக்கைப் போட வேண்டாம், கேள்வியைப் புரிந்துகொண்டால் போதும். போடுவது அவனுக்குத் தெரியும்.

ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் விஷயத்தை ஏப்ரலுக்குத் தள்ளிப்போடாதீர்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பட்டியல் வகுப்பினருக்கு, இதில் பெரிய சிக்கல் இருக்கிறது. பட்டியல் வகுப்புகளுக்கான குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்தது 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி. அதற்கு முன்பே குடும்பம் இங்கே குடியேறியிருந்தது என்று காட்டும் சான்றை வில்லேஜ் ஆபீஸில் கேட்பார்கள். தாத்தா, பாட்டி வேலை பார்த்த எஸ்டேட்டின் பழைய பதிவுகளும் அந்தக் காலத்துப் பள்ளிச் சேர்க்கைப் பதிவும் இதற்குப் பெரிய துணை. எஸ்டேட் ஆபீஸில் பழைய பதிவைத் தேடி எடுப்பது ஒரே நாளில் முடிகிற வேலையல்ல. ஏழாம் வகுப்பு ஓணம் விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். கையில் காகிதம் வந்த பிறகு அட்சயா மையத்தில் விண்ணப்பம் போடுவது எளிது.

பள்ளியில் நேரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மொழிப்பாடமாக என்ன படிக்க வேண்டும்? தமிழ் இருக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இந்தப் பள்ளிகளில் பாடம் ஆங்கிலவழி. வகுப்பில் டீச்சர் விளக்குவதும் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதும் மலையாளம். கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ மறையூரிலிருந்தோ வரும் பிள்ளைக்கு மலையாளம் காதில் விழுந்து பழகியிருக்கும். எழுதுவது வேறு. தமிழில் ஒரே 'க' எழுதுகிற இடத்தில் அங்கே நான்கு எழுத்து. ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் எழுத்து முழுவதையும் முடித்துவிட்டால் ஜூனில் பாதிப் பயம் போய்விடும். பஸ் போர்டும் கடைப் பலகையும் இதற்கு நல்ல பாடப்புத்தகம்.

முதல் ஆறு மாதம்

ஜூன் முதல் டிசம்பர் வரை மதிப்பெண் குறையும். இதை முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள். ஏழாம் வகுப்பு வரை வகுப்பில் முதலாவதாக இருந்த பிள்ளை ஓணப் பரீட்சையில் 'சி' கிரேடு வாங்கிக்கொண்டு வரும்போது, "இதுக்குத்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்று அப்பா சொல்லிவிட்டால், பல குடும்பங்களில் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. குறைந்தது பிள்ளையின் புத்தி அல்ல. மொழி மாறியதற்கு அவன் செலுத்துகிற வரி அது.

அந்த வரியைக் குறைக்க ஒரு வழி நம் கையிலேயே இருக்கிறது, ஆனால் பயன்படுத்துபவர்கள் குறைவு. கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. தன் கணித, அறிவியல் பாடநூல்களை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மொழிகளிலும் வெளியிடுகிறது. பாடம், படம், செய்முறை எல்லாம் ஒன்றே. மொழி மட்டும் வேறு. ஊரில் தமிழ்வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் பழைய புத்தகங்களை வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரவில் முதலில் தமிழ்ப் புத்தகத்தில் பாடத்தைப் படித்துப் பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே பகுதியை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். பொருள் தெரிந்த பிறகு மொழி மட்டும்தான் மிச்சம். 2020 ஜூனில் கைட் விக்டர்ஸ் சேனலில் தொடங்கிய ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகளில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான காணொளிகளும் தயாரிக்கப்பட்டன. தமிழில் கேட்டுப் புரிந்துகொள்ள அவையும் உதவும்.

இதோடு மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில் 'ஆக்சிலரேஷன்', இரண்டாவதில் 'முடுக்கம்', மூன்றாவதில் டீச்சர் வாயிலிருந்து வரும் 'த்வரணம்'. அப்படியே 'டென்சிட்டி', 'அடர்த்தி', 'சாந்த்ரத'. ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். கிறிஸ்துமஸ் விடுமுறை வரும்போது வகுப்பில் பேசுவது எதுவும் அந்நியமாக இருக்காது.

மலையாளத்தில் கேள்வி கேட்கத் தயங்கி மூன்று வருடம் வாயே திறக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். சித்தூர் பக்கத்திலும் மலைப்பக்கத்திலும் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் பலருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். "டீச்சர், தமிழ்ல கேக்கட்டுமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். கேட்கலாம் என்று வீட்டில் யாராவது சொல்லி அனுப்ப வேண்டும்.

டிராயிங் ஹால்

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது இதுதான். தமிழ்வழியில் வந்த பிள்ளைக்கு மொழி தடையாக நிற்காத இடங்கள் அந்தப் பள்ளியில் இரண்டு: ஒன்று டிராயிங் ஹால், மற்றொன்று ஒர்க்‌ஷாப். கோட்டுக்கு ஆங்கிலமும் இல்லை, மலையாளமும் இல்லை. முதல் மாதத்திலேயே இந்த இரண்டு இடத்தில் பிள்ளை தலைநிமிர்ந்துவிட்டால், அந்தத் தெம்பு இயற்பியலுக்கும் கணக்குக்கும் பாயும். அதனால் எட்டாம் வகுப்பு ஜூன், ஜூலையில் மற்றப் பாடங்களுக்கு டியூஷன் தேடி அலைவதைவிட, டிராயிங்கில் பிள்ளையைத் தேற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. வீட்டில் வரைய ஏ3 தாளுக்கான சின்ன போர்டு போதும். டி-ஸ்கொயர் அல்லது மினி டிராஃப்டர், 45 பாகையிலும் 30-60 பாகையிலும் இரண்டு செட் ஸ்கொயர், உறுதியான காம்பஸ், எச்.பி., எச், 2எச் பென்சில்கள். காம்பஸில் மட்டும் காசு பார்க்காதீர்கள். திருகு தளர்ந்த காம்பஸில் தொடங்கிய இடத்திலேயே வட்டம் வந்து சேராது. பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். 2எச் பென்சிலில் மெல்லிய கோடாக முழுப் படத்தையும் போட்டு முடித்த பிறகே, எச்.பி.யில் வெளிவிளிம்பை அழுத்திப் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் விளிம்பு தடித்த கோடு. உள்ளே மறைந்திருக்கும் விளிம்பு விட்டுவிட்டுப் போடும் கோடு. நடுக்கோடு, நீளமும் குட்டையும் மாறிமாறி வரும் மெல்லிய கோடு. இந்த மூன்றையும் கலக்காமல் போடத் தெரிந்தாலே தாள் பார்க்க அழகாகிவிடும்.

எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஆர்த்தோகிராஃபிக் புரொஜெக்‌ஷன், அதாவது ஒரு பொருளின் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் ஒரே தாளில் வரைவது. வீட்டிலேயே பழக்கலாம். ஒரு தீப்பெட்டியை மேசையில் வைத்து, அதன் மேல் ஓர் அழிரப்பரை இடது ஓரமாக வையுங்கள். பிள்ளையை எதிரே உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராகப் பார்த்து, தெரிவதை மட்டும் வரையச் சொல்லுங்கள். அது முன்தோற்றம். எழுந்து நின்று நேர்மேலிருந்து பார்த்து வரைவது மேல்தோற்றம். அதை முன்தோற்றத்துக்குக் கீழே வரைய வேண்டும். இடப்பக்கமிருந்து பார்த்தது வலப்பக்கத்தில் வரும். மேலே பார்த்ததைக் கீழே போடச் சொல்கிறார்களே என்று பிள்ளை குழம்பும். பொருளை நமக்கும் தாளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் அதன் தோற்றம் அந்தப் பக்கம்தானே போய் விழும் என்று, சுவரில் விழும் நிழலைக் காட்டி விளக்குங்கள். இதற்கு ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்று பெயர். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் எஸ்.பி. 46 என்ற கையேடு பின்பற்றச் சொல்வது இந்த முறையைத்தான். யூடியூபில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் அங்கே வழங்கும் தர்ட் ஆங்கிள் முறையைப் பழகிவிடுகிறார்கள். அதில் மேல்தோற்றம் மேலேயே வரும். படம் அழகாக இருந்தும் பரீட்சையில் மதிப்பெண் போவது இப்படித்தான். இந்திய ஆசிரியர்களின் காணொளியா என்று பார்த்துக் கொடுங்கள்.

மலைப்பக்கத்தில் இன்னொரு தொல்லை. ஜூன், ஜூலையில் மூணாறு ஈரத்தில் டிராயிங் ஷீட் நீர் இழுத்து அலை அலையாகிவிடும். பென்சில் முனை தாளைக் கிழிக்கும். ஒற்றை அறை லயத்து வீட்டில் அடுப்பும் படுக்கையும் தாளும் ஒரே இடத்தில்தான். மூடியுள்ள பிளாஸ்டிக் ஷீட் குழாய் ஒன்று வாங்கி, வரைந்ததும் உடனே சுருட்டி உள்ளே போடுவதை வழக்கமாக்குங்கள். முக்கியமான தாள்களைப் பள்ளியிலேயே வரைந்து முடித்து அங்கேயே வைத்துவிட முடிந்தால் இன்னும் நல்லது.

ஒர்க்‌ஷாப்

எட்டாம் வகுப்பில் ஃபிட்டிங், கார்பென்டரி, வெல்டிங், டர்னிங், எலக்ட்ரிக்கல் வயரிங் எனப் பல பிரிவுகளையும் சுற்றி வந்து, பிறகு ஒரு டிரேடில் நிலைகொள்வார்கள். எந்தப் பிரிவு எந்தப் பள்ளியில் உண்டு என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும்.

ஃபிட்டிங்கில் முதல் வேலையே பொறுமையைச் சோதிக்கும். ஓர் இரும்புப் பட்டைத் துண்டை வைஸில் இறுக்கிப் பூட்டி, அரத்தால் ராவி, பக்கங்களை ஒன்றுக்கொன்று செங்கோணமாக்க வேண்டும். அரத்தை முன்னால் தள்ளும்போதுதான் அழுத்தம்; பின்னால் இழுக்கும்போது அழுத்தக் கூடாது. ஹேக்ஸாவும் அப்படியே, பிளேடின் பற்கள் முன்நோக்கித்தான் இருக்க வேண்டும். ராவிய பக்கத்தில் ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால், மேடு பள்ளம் இருக்கும் இடத்தில் கீற்றாக ஒளி தெரியும். அந்தக் கீற்று மறையும்வரை ராவ வேண்டும். பெரும்பாலும் நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் சரிந்தும் போய்விடும், கை தராசுபோல் ஏறி இறங்குவதால் வரும் குறை அது. முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து, உடம்பை முன்னால் சாய்த்துத் தள்ளினால் சரியாகும். இதைச் சொல்லித்தர மொழி அதிகம் வேண்டாம். இன்ஸ்ட்ரக்டர் ஒருமுறை செய்து காட்டினால் புரிந்துவிடும்.

வெர்னியர் காலிப்பரைப் பிள்ளை முதலில் கையில் எடுப்பதும் இங்கேதான். முதன்மை அளவுகோலில் 49 மில்லிமீட்டர் நீளத்தை வெர்னியரில் 50 பாகமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாகத்துக்கு 0.98 மில்லிமீட்டர், அப்படியானால் வித்தியாசம் 0.02. முதன்மை அளவு 23, பொருந்தும் கோடு 17ஆவது என்றால் அளவு 23.34 மில்லிமீட்டர். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, இயற்பியல் புத்தகத்தில் 'லீஸ்ட் கவுண்ட்' என்று வரும் பாடம் ஏற்கெனவே கைக்கு வந்த விஷயம். தசமப் பெருக்கலும் தானாகப் பழகும். எலக்ட்ரிக்கலில் மாடிப்படி விளக்குக்கு இரண்டு டூ-வே சுவிட்சுகளை வைத்து மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்கக் கற்றவனுக்கு, மின்சுற்றுப் படம் பயமுறுத்தாது. ஒர்க்‌ஷாப்பில் செய்த வேலைக்கும் அந்த வாரத்து இயற்பியல் பாடத்துக்கும் என்ன தொடர்பு என்று சனிக்கிழமை தோறும் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லட்டும். நமக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லும்போதுதான் பிள்ளைக்குத் தெளியும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். லேத் பக்கத்தில் தளர்ந்த சட்டைக்கை, மோதிரம், கயிறு, அவிழ்ந்த பின்னல் எதுவும் கூடாது. கோயிலில் கட்டிய கயிறாக இருந்தாலும் அன்றைக்குக் கழற்றிவைக்கட்டும். வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் ஒரு நிமிடம் பார்த்தாலும் ராத்திரி கண் எரிந்து தூக்கம் போய்விடும்.

பருவமும் பாதையும்

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு கவனம் செலுத்துகிறோமோ அவ்வளவு கவனம் பஸ்ஸிலும் வேண்டும். மூணாறிலிருந்து அடிமாலி சுமார் 30 கிலோமீட்டர். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அன்றைக்குப் பள்ளி இல்லை. மறையூர், காந்தளூர், வட்டவடைப் பிள்ளைகள் தினமும் போய்வருவது நடக்காது. அடிமாலியில் நம்பகமான உறவினர் வீடு அல்லது அரசு விடுதி அமைந்தால் மட்டும் யோசியுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தனி அறையில் விடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வண்டிப்பெரியாறிலிருந்து பீர்மேடு ஒரே நெடுஞ்சாலையில் இருப்பதால் வசதி. சித்தூர் பக்கம் சமவெளி, பஸ்ஸுக்குக் குறைவில்லை. கன்செஷன் கார்டை ஜூனிலேயே வாங்கிவிடுங்கள்.

வேலைப் பருவமும் படிப்பில் கைவைக்கும். முதலமடையில் மாம்பழ சீசன் ஜனவரியில் சூடு பிடிக்கும். அதே நேரத்தில்தான் மாடல் பரீட்சையும் பிராக்டிகலும். ஏலத்தோட்டத்தில் ஆகஸ்ட் முதல் காய் பறிப்பு மும்முரம். ஓணப் பரீட்சை அப்போதுதான். பொதுப்பள்ளியில் நாலு நாள் விடுப்பு எடுத்தால் நோட்டை வாங்கி எழுதிக்கொள்ளலாம். ஒர்க்‌ஷாப்பில் விட்ட வேலையை நோட்டைப் பார்த்து எழுத முடியாது. வேறொரு நாள் நின்று செய்தால்தான் உண்டு. பொங்கலுக்கு இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட எல்லை மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டு. ஊருக்குப் போனாலும் அந்த அளவோடு திரும்பிவிடுங்கள்.

பத்துக்குப் பிறகு

கேரளத்தில் ஏ பிளஸ் முதல் இ வரை ஒன்பது கிரேடு. 90 முதல் ஏ பிளஸ். 30 முதல் 39 வரை டி பிளஸ். மேற்படிப்புக்கு ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது டி பிளஸ் வேண்டும்.

டி.எச்.எஸ்.எல்.சி. முடித்தவர்களுக்குக் கேரள பாலிடெக்னிக் சேர்க்கையில் 10 சதவீத இடங்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. பாலக்காடு கொடும்பு, ஷொரணூர், முட்டம், குமுளி, நெடுங்கண்டம் என அருகிலேயே அரசு பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. மூன்று வருட டிப்ளமோவுக்குப் பிறகு பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். பிளஸ் ஒன் சயின்ஸுக்கும் தடையில்லை; எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்களைப் போலவே ஒற்றைச் சாளர முறையில் விண்ணப்பிக்கலாம். கஞ்சிக்கோட்டின் தொழிற்பேட்டையும் வாளையாறைத் தாண்டினால் கோயம்புத்தூரின் பம்ப்செட், ஃபவுண்டரி, லேத் பட்டறைகளும் டிப்ளமோ படித்த கைக்கு வேலை தரும் இடங்கள். 2015இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி.யும் அதே கஞ்சிக்கோட்டில்தான். அங்கே போக ஆசைப்படும் பிள்ளைக்குப் பிளஸ் ஒன் வழிதான் சரி.

தமிழ்நாட்டில் படிக்கவோ அரசு வேலைக்குப் போகவோ எண்ணம் உள்ளவர்கள் இரண்டு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. பொள்ளாச்சி, போடி, கம்பம் பக்கத்தில் குடியிருந்துகொண்டு பிள்ளையை இந்தப் பக்கம் சேர்ப்பவர்கள் அந்தச் சலுகையை இழப்பார்கள். அதேபோல் தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம், 2020இல் திருத்தப்பட்ட பிறகு, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. எட்டாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறும் பிள்ளைக்கு அது கிடைக்காது. இவ்வளவையும் எடைபோட்டுப் பார்த்தும், கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்யும் பிள்ளைக்கு இந்தப் பள்ளியே லாபம் என்பது என் எண்ணம். தெரிந்தே முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் பொறியியல் கலந்தாய்வுக்கு வெளிமாநிலத்திலிருந்து விண்ணப்பிக்கும்போது இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கான ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக, பெயர். நம் பிள்ளைகளுக்கு அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். இங்கே வீட்டுப் பெயரை இனிஷியலாகப் போடும் வழக்கமும் உண்டு. ஆதாரில் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம், டி.சி.யில் இன்னொரு விதம் என்று ஆங்கில எழுத்து மாறிக் கிடப்பதை எல்லை வீடுகளில் அடிக்கடி காணலாம். பத்தாம் வகுப்பில் தேர்வுக்கு முன் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைச் சரிபார்க்கப் பள்ளியில் கூப்பிடுவார்கள். அன்றைக்குப் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள்; எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு ஓர் எழுத்தைத் திருத்தத் திருவனந்தபுரத்தில் இருக்கும் பரீட்சா பவனுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். பாலிடெக்னிக் சேர்க்கை அதற்குள் முடிந்துவிடும்.